ஃபார்மர் பாய் நாவலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது எப்படி

பசியோடு இருக்கும் பிள்ளையிடம் இந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள். வெண்ணெயும் பணியாரமும் வெங்காயத்தோடு வதக்கிய ஆப்பிளுமாகப் பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடுதான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு அத்தியாயம், அது போதும். என் தங்கை மகனுக்கு எட்டு வயதில் அப்படித்தான் படித்தேன், ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் கணவர் அல்மான்சோவின் சிறுவயதைக் கதையாக்கி 1933இல் வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, மலோன் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணை. 1866 ஜனவரியில் கதை தொடங்குகிறது. பையனுக்கு ஒன்பது வயது நிறையப் போகிறது.

தொடக்கத்தில் முரட்டு மாணவர்களை வாத்தியார் மாட்டுச் சாட்டையால் அடிக்கும் காட்சி வரும். அதை நீங்கள் முன்னதாகவே படித்து வைத்துக்கொள்ளுங்கள். தாண்டிப் போக வேண்டாம். படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளை கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

அப்புறம், வேலை வரும் இடங்களில் உட்கார்ந்தே இருக்காதீர்கள். ஸ்டார், பிரைட் என்ற இரண்டு கன்றுகளுக்கு அல்மான்சோ நுகத்தடி பழக்குகிறான். செந்தேவதாரு மரத்தில் அப்பா செய்து கொடுத்த சின்ன நுகத்தடி அது. ‘கீ’ என்றால் வலப்பக்கம், ‘ஹா’ என்றால் இடப்பக்கம். நாங்கள் துண்டை முறுக்கி இருவர் தோளிலும் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றினோம். ஒருவர் முந்தினால் மற்றவர் கழுத்து இழுபடுகிறது. கன்றுகளின் பாடு தங்கை மகனுக்கு அப்போதுதான் புரிந்தது.

பாப்கார்ன் இடத்துக்கு ஒரே அளவான இரண்டு டம்ளர் எடுத்து வையுங்கள். ஒன்றில் விளிம்பு வரை பால், இன்னொன்றில் பாப்கார்ன். ஒவ்வொன்றாகப் போட்டால் பால் வழியாது என்கிறது புத்தகம். அவசரப்படாமல் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும்.

மிக நிதானமாகப் படிக்க வேண்டியது ஜூலை 4, சுதந்திர தின அத்தியாயம். எலுமிச்சைச் சாறு வாங்க அல்மான்சோ அப்பாவிடம் ஒரு நிக்கல் கேட்கிறான், ஐந்து சென்ட். அப்பா அரை டாலர் வெள்ளி நாணயத்தை எடுத்துக் காட்டி, உருளைக்கிழங்கு எப்படி விளைவிப்பாய் என்று விசாரிக்கிறார். விதைக்கிழங்கை நறுக்குவது, எரு போடுவது, உழுவது, நடுவது, களையெடுப்பது, தோண்டுவது, குளிர்காலம் முழுக்கப் பொறுக்கிப் பிரிப்பது, சந்தைக்கு ஏற்றிப் போவது என்று பையன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். புஷல் என்பது அங்கே தானியமும் கிழங்கும் அளக்கும் அளவை; அரை புஷலுக்குக் கிடைப்பது அரை டாலர். அந்த உழைப்புதான் இந்தக் காசுக்குள் இருக்கிறது என்கிறார் அப்பா.

அரை புஷல் உருளைக்கிழங்கு என்றால் சுமார் பதின்மூன்றரை கிலோ. நான் அன்று பையிலும் வாளியிலும் அரிசி அளந்து அந்த எடையைக் கட்டிவைத்திருந்தேன். இரண்டு கையாலும் தூக்கப் பார்த்துவிட்டு, தங்கை மகன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அப்பா காசை அல்மான்சோவின் கையிலேயே கொடுத்துவிடுகிறார். பன்றிக்குட்டி வாங்கி வளர்க்கலாம், எலுமிச்சைச் சாறு வாங்கியும் குடிக்கலாம், உன் பணம், உன் இஷ்டம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். நீ என்ன வாங்குவாய் என்று மட்டும் கேளுங்கள், பதில் வந்தால் திருத்த வேண்டாம். மறுநாள் காலை தங்கை மகன் பல்கூட விளக்காமல் வந்து நின்றான்: “பெரியம்மா, அவன் என்ன வாங்கினான்?”