எலெக்ட்ரிக் காரா, ஹைப்ரிட்டா? முதலில் ஈபி பில்லை எடுங்கள்

ஷோரூமில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். பொய் இல்லை, ஆனால் யார் வீட்டு மீட்டரில் என்று சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை வீட்டு ஈபி பில்லில்தான் தொடங்க வேண்டும். கடைசி ஆறு பில்லை எடுத்து வையுங்கள், வெயில் காலத்து பில் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மனசில் தோன்றும் எண் வேண்டாம், பழைய சர்வீஸ் பில்களில் ஓடோமீட்டர் அளவு எழுதியிருக்கும், அதை வைத்துக் கழித்துப் பாருங்கள். 1000 கிமீ என்று வைப்போம். ஒரு சார்ஜில் இவ்வளவு ஓடும் என்று கம்பெனி சொல்லும் ரேஞ்சை விட்டுவிடுங்கள். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டும் நடுத்தர சைஸ் காருக்கு யூனிட்டுக்கு 6.5 கிமீ என்று எடுத்தால் பெரிதாகத் தப்பாது. சார்ஜ் ஏறும்போது பத்துச் சதவீதத்துக்கும் மேல் வீணாகும் என்பதையும் சேர்த்தால் மாசம் 175 யூனிட், இரண்டு மாச பில்லுக்கு 350.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு மாசத்துக்கு 450 யூனிட் ஆகும். அதன் மேல் இந்த 350 ஏறினால் 800. 2024 ஜூலை கட்டணப்படி 401-500க்கு யூனிட் 6.45, 501-600க்கு 8.55, 601-800க்கு 9.65 ரூபாய். ஆக, காருக்கு மட்டும் 3100 ரூபாய் சொச்சம். அது போக 500ஐத் தாண்டியதும் 101-200 யூனிட்டுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும், அதில் இன்னொரு 250 பக்கம். மொத்தம் சுமார் 3350, இரண்டு மாசத்து 2000 கிமீக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 1.70 ரூபாய். அதே காரை 150 யூனிட் மட்டும் ஆகும் வீட்டில் சார்ஜ் போட்டால் மொத்தமே 500 யூனிட்தான், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்கும் கீழே. ஷோரூம்காரர் சொன்னது அந்த வீட்டைத்தான்.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லை, அசோசியேஷன் பாயின்ட் வைக்க விடவில்லை என்றால், வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போவது சாதாரணம், அப்போது கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் ஆகிவிடும். பெட்ரோல் லிட்டர் 100 என்று வைத்தால், பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து, லிட்டருக்கு 20 கிமீ தரும் ஹைப்ரிட்டுக்கு கிலோமீட்டருக்கு 5 ரூபாய், 14 தரும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 7 ரூபாய்.

சரி, இப்போது விலைக்கு வருவோம். எக்ஸ் ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு கொட்டேஷன், எலெக்ட்ரிக், ஹைப்ரிட், பெட்ரோல் மூன்றுக்கும் கையில் இருக்கட்டும். எலெக்ட்ரிக்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நாலு மீட்டர் நீளத்தைத் தாண்டும் ஹைப்ரிட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல், ஹைப்ரிட் கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம், 15 லட்சம் வண்டி என்றால் 2.7 லட்சம். எலெக்ட்ரிக்குக்கு இந்த வரியில் அரசு விலக்கு தந்து வந்தது, ஆனால் அதற்குக் கெடு தேதி உண்டு. நீங்கள் பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். "வருமான வரியில் ஒன்றரை லட்சம் கழிக்கலாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது 2023 மார்ச் 31க்குள் கடன் அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும்.

பெட்ரோலை விட எலெக்ட்ரிக் ஆன் ரோடு 4 லட்சம் கூட என்று வைப்போம். என் கணக்கில் பெட்ரோலின் 7 ரூபாயில் 1.70 போக கிலோமீட்டருக்கு 5.30 மிச்சம், வருஷத்துக்கு 63,600, போட்ட காசு திரும்ப ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த 4 லட்சமும் 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடன் என்றால் வட்டி மட்டுமே சுமார் 98,000, இன்னொரு ஒன்றரை வருஷம் தள்ளிப் போகும். மாசம் 2000 கிமீ ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எலெக்ட்ரிக் எடுக்கலாம். வாரக் கடைசியில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டியை எடுக்கிறவருக்கு எலெக்ட்ரிக்கும் வேண்டாம், ஹைப்ரிட்டும் வேண்டாம்.

கொட்டேஷனில் வராத செலவு ஒயரிங். எங்கள் வீட்டில் சார்ஜரை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி சார்ஜ் ஏறவே இல்லை. இரண்டு நாள் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு அலுத்த பிறகு எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் வந்து, டெஸ்டரை வைத்துப் பார்த்து, "எர்த்தே இல்லீங்களே" என்றார். இருபது வருஷமாக அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை! குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, மீட்டர் பாக்ஸிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்த பிறகுதான் பச்சை வந்தது. வண்டி வருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டுமா என்றும் ஈபி அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டிக்கு எலெக்ட்ரிக்குக்கு 15 சதவீதமும் ஹைப்ரிட்டுக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி உண்டு, ஆனால் அது சின்னத் தொகை. சென்னையில் இருந்தால் பேட்டரிக்குள் தண்ணீர் போனால் பணம் தருவார்களா என்பதை பாலிசியில் வாசித்துப் பாருங்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். எலெக்ட்ரிக்கில் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பேட் நிறைய நாள் வரும், ஆயில் மாற்றும் வேலை இல்லை.

ஹைப்ரிட் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: மைல்ட் ஹைப்ரிட் என்பது மோட்டாரில் மட்டும் வண்டியை ஓட்டாது, அதற்கு 20 கிமீ கணக்கைப் போடாதீர்கள். நிஜ ஹைப்ரிட்கள் பலவற்றில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் ஒரு துவாரம் இருக்கும். அதன் மேல் பையை வைத்து அடைக்காமல், ஃபில்டரை சர்வீஸில் சுத்தம் செய்யச் சொன்னால் பேட்டரி சூடாகாமல் உழைக்கும்.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்று பழைய கார் கடையில், நாலு வருஷம் ஓடிய அதே மாடலுக்கு விலை கேட்டு, அதையும் கணக்கில் எழுதுங்கள். பேட்டரி வாரண்டி பொதுவாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ. ஆயுட்கால வாரண்டி என்று விற்பதில் சில, முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார், வாரண்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.