95-ஆம் ரைஃபிள் படை வீரன்: மார்பளவுச் சிலைக்கு வண்ணம் தீட்டும் முறை

நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் வீரன் என்றதும் சிவப்புக் கோட்டும் வெள்ளை வார்களும்தான் கண்முன் வரும். 95-ஆம் ரைஃபிள் படைப்பிரிவின் வீரர்களோ கரும்பச்சைச் சட்டையும் கறுப்புத் தோல் வார்களும் அணிந்தவர்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1/10 அளவில் இந்த வீரனின் ரெசின் (வார்ப்புப் பிசின்) சிலையையே நான் பரிந்துரைப்பேன். நிறங்கள் குறைவு, ஆனால் துணியையும் தோலையும் உலோகத்தையும் வேறுபடுத்திக் காட்டும் பயிற்சி இதில் நிறையக் கிடைக்கும்.

முதல் வேலை: ஆண்டும் பதவியும்

தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, உங்கள் வீரன் யார், எந்த ஆண்டைச் சேர்ந்தவன் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். சாதாரண வீரனின் மார்பில் மூன்று வரிசை வெள்ளி நிறப் பொத்தான்கள் இருக்கும். காலர் கறுப்பு, அதன் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பைப்பிங் (கயிறு போன்ற ஓரத் தையல்) ஓடும். அதிகாரியின் சட்டையிலோ மார்பின் குறுக்கே கறுப்புப் பின்னல் கயிறுகள் வரிசையாக அமைந்திருக்கும். 1812-இல் பிரிட்டிஷ் காலாட்படைக்கு முன்பக்கம் உயர்ந்த புதிய ஷாக்கோ தொப்பி வந்தபோதும், ரைஃபிள் படையினர் பழைய நேரான குழாய் வடிவத் தொப்பியையே தொடர்ந்து அணிந்தார்கள். அதன் குஞ்சமும் கயிறும் பச்சை, முன்புறச் சின்னம் ஊதுகொம்பு. என் முதல் சிலையில் பழக்கதோஷத்தால் வார்களை வெள்ளையாகத் தீட்டிவிட்டேன். பிறகு அவற்றைக் கறுப்பாக்கியபோது, அடியில் கெட்டியாகக் கிடந்த வெள்ளை, தோலின் நுண்கோடுகளையெல்லாம் மூடியிருந்தது.

தயாரிப்பு

வெதுவெதுப்பான சோப்பு நீரில் ரெசினைக் கழுவி, வார்ப்பு அச்சு விட்டுச்சென்ற கோடுகளைச் சுரண்டி, பாகங்களைச் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். ரெசின் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதால், ஈர உப்புத்தாளால் தேய்ப்பதே நல்லது. முழுவதும் கறுப்புப் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சு) அடித்து, அது காய்ந்தபின் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளைப் பிரைமரை லேசாகத் தெளித்தால், ஒளி எங்கே விழுகிறது என்பதைச் சிலையே காட்டிவிடும்.

முகம்

முகத்தை முதலில் முடியுங்கள். ஈரமான ஸ்பாஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் அக்ரிலிக்கைக் கலந்தால் வண்ணம் விரைவில் உலராது. விழிகளுக்குத் தூய வெள்ளை வேண்டாம், சற்றே இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை போதும். மேல் இமைக்கு அடியில் கரும்பழுப்பு நிழல் ஒன்று இல்லாவிட்டால் வீரன் திடுக்கிட்டவனைப் போலத் தெரிவான். சவரம் செய்த தாடையில் நீர்த்த நீலச்சாம்பலை இரண்டு மூன்று முறை பூசுங்கள்.

பச்சையும் இரண்டு கறுப்புகளும்

இந்தச் சிலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சட்டைக்கு அடர்பச்சையுடன் சிறிது கறுப்பைக் கலந்து அடிவண்ணம் கொடுங்கள். மேடான மடிப்புகளை வெளுப்பிக்க வெள்ளையைச் சேர்த்தால் பச்சை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். ஆகவே வெளிர் மஞ்சள்பழுப்பைச் சேருங்கள். வெயிலும் மழையும் பட்டு வெளுத்த கம்பளித் துணிக்கு அந்தச் சாயல் பொருத்தமாக அமையும். காலர் கம்பளியாதலால், அதன் கறுப்பைச் சாம்பலால் அகலமாகவும் மங்கலாகவும் வெளுப்பியுங்கள். தோல் வாருக்கு இதற்கு நேர்மாறாக, ஓரங்களில் மட்டும் கூர்மையான வெளிர்க்கோடும் ஆங்காங்கே பழுப்புக் கீறல்களும் இடுங்கள். இரண்டும் கறுப்புத்தான்; ஆனாலும் இது துணி, இது தோல் என்று கண் உடனே பிரித்தறியும்.

பைப்பிங்கும் பொத்தான்களும்

பைப்பிங்கை ஒரே இழுப்பில் நேராகத் தீட்ட முயல வேண்டாம். முதலில் வெளிர்ச்சாம்பலைக் கொஞ்சம் அகலமாகவே இழுத்துவிட்டு, இருபுறமும் கறுப்பையும் பச்சையையும் கொண்டு அதை நறுக்குவதுபோல் குறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒளி படும் மேல்விளிம்பில் மட்டும் தூய வெள்ளை. ஒவ்வொரு பொத்தானுக்கும் முதலில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, அதன் விளிம்பு வளையமாகத் தெரியும்படி நடுவில் வெள்ளி நிறத்தை இடுங்கள்.

கடைசியாக, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் முழுவதும் அடித்து, அது காய்ந்தபின் தோல் வார்களுக்கு மிதமாக மினுங்கும் சாட்டின் வார்னிஷும் விழிகளுக்கு மட்டும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷும் தொட்டு வையுங்கள்.