கற்றாழை: சோறு வேறு, மஞ்சள் பால் வேறு

செட்டிநாட்டில் மழை பொய்த்த வருஷத்திலும் வாடாமல் நிற்கிற செடி சோற்றுக்கற்றாழை. அரேபிய வறண்ட மலைகள்தான் அதன் பூர்வீகம்; நம்ம ஊர்ச் செம்மண்ணும் வெயிலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வேரோடு பிடுங்கித் திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டினாலும் மாதக்கணக்கில் உயிரோடு தொங்கும். அப்படிக் கட்டுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. வம்பெல்லாம் வாயில் போடும்போதுதான்.

மடலை வெட்டிய கையோடு மிக்சியில் போடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். எங்கள் அப்பத்தா மடலை அறுத்ததும் வீட்டின் இரண்டாங்கட்டில் வெட்டுவாய் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். கால் மணி நேரத்தில் மஞ்சளாக ஒரு பால் வடிந்து, தரையில் பழுப்புக் கறையாகக் காய்ந்திருக்கும். அப்புறம்தான் முள்ளை அரிந்து, தோலைச் சீவி, சோற்றை மட்டும் எடுத்து, வழவழப்பும் கசப்பும் போக ஏழு தண்ணீர் விட்டு அலசுவார். அதன் பிறகே மோரில் போடுவார்.

அந்த மஞ்சள் பால் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் இருக்கும் அலோயின் கடுமையான பேதி மருந்து. பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கினால் அதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம், அதாவது மூசாம்பரம். கசந்தால்தான் மருந்து என்று சொல்லித் தோலோடு அரைத்துக் குடித்தால் வயிற்றைப் பிடித்து இழுக்கும், பேதியாகும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். அமெரிக்காவில் 2002-இல் கடையில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் இந்தப் பாலைச் சேர்ப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தோலோடு எடுத்த முழு மடல் சாற்றை இரண்டு வருஷம் கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அந்தச் சாற்றை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. கழுவிய சோற்றுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. கடையில் ஜூஸ் பாட்டில் வாங்கினால் ‘முழு இலை’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மலச்சிக்கலுக்கு என்று அந்தப் பாலைத் தினமும் எடுப்பவர்களும் உண்டு. குடல் அதற்குப் பழகிவிடும். அது இல்லாமல் மலமே இறங்காது என்ற நிலைக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்தது, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் குடிப்பது. கற்றாழை சர்க்கரையை ஓரளவு இறக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன; சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். இதற்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவருக்கும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கும் பொட்டாசியம் குறைவது விளையாட்டில்லை. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

வெளியே பூசுவதில் அவ்வளவு பயமில்லை. வெயிலில் கன்றிய தோலுக்கும் சமையலறையில் பட்ட சிறு சூட்டுக்கும் சோறு இதமாக இருக்கும், ஆற்றவும் உதவும். ஆனால் சுட்டதும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதுதான் முதல் வேலை. ஆழமான காயம், பெரிய தீப்புண் என்றால் கற்றாழை தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகத்தில் பூசுமுன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு அரித்துத் தடிக்கும்.

இன்னொன்று, ஆள்மாறாட்டம். ரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் கருப்பாக ஊசி நீட்டிக்கொண்டிருப்பது ரயில் கற்றாழை. பெயரில்தான் கற்றாழை, உண்மையில் அகேவ் என்ற வேறு செடி. அதன் சாறு தோலில் பட்டாலே எரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு மடலை ஒடித்துப் பாருங்கள்: சோற்றுக்கற்றாழையில் சோறு கண்ணாடி மாதிரி வழுக்கும், ரயில் கற்றாழையில் நார்தான் கையோடு வரும். ஒடிக்கும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்ளுங்கள்.