கோர்தோபா மெஸ்கீத்தாவுக்குக் காலை எட்டரைக்கே போங்க

தெற்கு ஸ்பெயினில் கோர்தோபா பக்கம் கிராமத்து வீடு எடுத்துத் தங்குகிறீர்களா? அங்கே பழைய பெரிய மசூதியான மெஸ்கீத்தாவுக்குத் திங்கள் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள் காலை 8.30-க்கு வாசலில் நில்லுங்கள். டிக்கெட் வேண்டாம்.

இன்று அது கதீட்ரல். காலைப் பூசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் போல, தனியாக வருபவர்களைக் காசு வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். டூரிஸ்ட் பஸ் கூட்டம் அதற்கப்புறம்தான். சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் அந்த வளைவுகளை யார் தலையும் மறைக்காது; போட்டோவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. கோடையில் மதிய வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், அதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

9.20 வாக்கில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் நுழைந்ததும் நேராகக் கோடியில் இருக்கும் மிஹ்ராபுக்கு (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) நடங்கள், அதன் தங்க மொசைக்கைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். ஞாயிறன்றும், குழுவாகப் போனாலும் இந்தச் சலுகை இல்லை. திருவிழா நாட்களில் நேரம் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கூண்டு ஏற எப்படியும் தனி டிக்கெட்தான். ஆரஞ்சு மர முற்றத்துக்கு எப்போதும் கட்டணம் இல்லை.