"அண்ணே, இவர்தானா அந்திக்கிறிஸ்து?" என்று கேட்டால்

வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் சனிக்கிழமை வேதபாட வகுப்பில் யாராவது போனை நீட்டுவார்கள். ஏதோ ஒரு நாட்டுத் தலைவரின் படம், கீழே சிவப்பில் 666, அதாவது வெளிப்படுத்தல் 13:18 மிருகத்துக்குச் சொல்கிற எண். "அண்ணே, இவர்தானா?" கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புவான் என்று பலர் நம்புகிற அந்திக்கிறிஸ்து இவர்தானா என்று கேட்கிறார்கள். வகுப்பு எடுக்கிறவர் என்றால் உங்களிடமும் கேட்பார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஆம், இல்லை என்று உடனே வாயைத் திறக்காதீர்கள். 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் வேதத்தில் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். பாதிப் பேர் வெளிப்படுத்தின விசேஷத்தைப் புரட்டுவார்கள். அங்கே அந்தச் சொல் இல்லவே இல்லை. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் 1 யோவான் 2:18 'அநேக அந்திக்கிறிஸ்துகள்' என்கிறது. (அந்தி என்றால் சாயங்காலம், அதனால் கடைசிக் காலத்தில் வருகிறவன் என்று விளக்கம் சொன்ன பெரியவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். அது கிரேக்கச் சொல். எதிராக, அல்லது பதிலாக என்று பொருள். 'எதிர்க்கிறிஸ்து' என்று வாசிக்கிற கத்தோலிக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை.)

அப்புறம் போர்டில் மூன்று பேரை எழுதுங்கள்: தானியேல் 7-இன் சின்னக் கொம்பு, 2 தெசலோனிக்கேயர் 2-இன் பாவமனுஷன், வெளிப்படுத்தல் 13-இன் மிருகம். மூன்றும் யோவான் சொன்னவனும் ஒரே ஆள் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. சேர்த்து வாசித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். கி.பி. 180 வாக்கிலேயே ஆதி சபைப் பிஷப் ஐரேனியஸ் அப்படிச் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இப்போது கேளுங்கள்: இவன் எந்தக் காலத்து ஆள்? சபைகள் பிரிவது இங்கேதான்.

முடிந்துபோன காலம் என்பவர்கள் ரோமப் பேரரசன் நீரோவைக் காட்டுவார்கள். எபிரெயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. இதை வகுப்பிலேயே கூட்டிக் காட்டுங்கள், பையன்களுக்குப் பிடிக்கும். 'நெரோன் கேசர்' என்பதை எபிரெய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டுங்கள், 666. லத்தீன் வழக்கப்படி கடைசி நூனை விட்டால் 616; சில பழைய பிரதிகளில் அந்த எண்ணே இருக்கிறது. கணக்கு அழகுதான். ஆனால் கிரேக்கத்தில் எழுதிய புத்தகத்துக்கு எபிரெயத்தில் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐரேனியஸ் மூன்று பெயர்களைக் கூட்டிப் பார்த்தார், அதில் நீரோ இல்லை. எதையும் அடித்துச் சொல்லவும் மறுத்துவிட்டார்.

நான் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை. 90-களில் ஒரு வாலிபர் கூட்டத்தில், பார்கோடின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இருக்கிற இரட்டைக் கோடுகள் மூன்று ஆறுகள் என்று முழங்கினேன். பார்க்க ஆறு மாதிரி இருக்குமே தவிர, அவை எண்ணே இல்லை, ஸ்கேனருக்கான எல்லைக் கோடுகள். எனக்கு அது தெரியவில்லை. அதைக் கேட்டு ஒரு அக்கா மாதக்கணக்கில் பார்கோடு போட்ட சோப்பு உறையைக் கடைவாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சரித்திரம் முழுக்க நீள்கிறவன் என்பது அடுத்த கட்சி. சீர்திருத்தவாதி லூத்தர் 1520-இல் போப்பை அந்திக்கிறிஸ்து என்று எழுதினார். ஒரு தனி ஆளைவிட அந்தப் பதவியைத்தான் குறிவைத்தார். 1640-களில் இங்கிலாந்தில் வந்த, பிரெஸ்பிட்டேரியர்கள் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அதையே சொன்னது. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியர்கள் 1903-இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வகுப்பில் கத்தோலிக்கர் யாராவது உட்கார்ந்திருந்தால் எடுத்துவிட்ட கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இனிமேல்தான் வருவான் என்பது நம் கன்வென்ஷன் மேடைகளில் கேட்பது. ஆதி சபையிலேயே இருந்த எண்ணம்தான். 1590 வாக்கில் அதை விரிவாக எழுதியவர் ரிபேரா என்ற ஸ்பானியக் கத்தோலிக்க இயேசு சபைக் குரு என்றால் நம்மவர்கள் முகம் மாறும். இரகசிய வருகை (விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இயேசு முதலில் வருவது), ஏழு வருட உபத்திரவம் என்ற சார்ட் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டுப் போதகர் டார்பியும், 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமமும் பரப்பியவை. தனி ஆளே இல்லை, ஒரு போக்கு என்பவர்களும் உண்டு. அவர்களை 1 யோவானுக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

இனி போன்காரத் தம்பியிடம் போங்கள். எந்த மொழியில் கூட்டினாய், பெயரை எப்படி எழுதினாய், 2 தெசலோனிக்கேயர் 2:4 சொல்கிற ஆலயம் இந்தப் படத்தில் எங்கே? மூன்று கேள்வி போதும்.

கூட்டம் கலையும்போது, 2 தெசலோனிக்கேயர் 2 சொல்கிறபடி பாவமனுஷனைத் தடுத்து வைத்திருப்பது யார் என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ரோம அரசு, பரிசுத்த ஆவியானவர் என்று ஆளுக்கொரு பதில் வரும். பவுல் என்ன நினைத்து எழுதினார் என்று தனக்குத் தெரியவில்லை என ஆதி சபையின் பெரிய போதகர் அகஸ்டின் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். நானும் அதையே சொல்லிவிட்டு டீ போடச் சொல்லிவிடுவேன்.