மேலே போகும் பந்தை எது தள்ளுகிறது?

ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புகளால் காட்டும் விசைப் படம் வரையும்போது ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பக்கத்தில் "இந்த விசையைத் தருவது எது?" என்று எழுதுங்கள். பதில் கிடைக்காத அம்பைத் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

மேலே எறிந்த பந்தைப் பாருங்கள். அது கையை விட்டுக் கிளம்பிய பிறகும் பலர் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் போட்டேன். கைதான் இப்போது பந்தைத் தொடவில்லையே! காற்றுத் தடையை விட்டுவிட்டால், மிஞ்சுவது பூமியின் இழுப்பு மட்டுமே. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தால், ஒவ்வொரு நொடியும் அதில் 9.8 மீட்டர் குறையும். சுமார் 2 நொடியில் உச்சி. அங்கே வேகம் சுழி. முடுக்கமோ (வேகம் மாறும் வீதம்) அப்போதும் கீழ்நோக்கி அதே அளவுதான். அதுவும் சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும்.