கோசா கிளிக் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா போன இடத்தில் கோசா மொழி கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவ்வப்போது உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காலத்தில் என் வாயில் இருந்த கோளாறுகளே ஒவ்வொருவரிடமும் வரிசையாக வந்து நிற்கின்றன. "தினமும் பயிற்சி செய்யுங்கள்" வகை அறிவுரை எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

எழுத்தை ஆங்கிலமாக வாசிப்பது

சி (c), க்யூ (q), எக்ஸ் (x) மூன்று எழுத்துகளும் இங்கே கிளிக், அதாவது நாக்கை ஒட்டி எடுத்து எழுப்பும் சத்தம். அவ்வளவுதான்.

"நம்ம நாக்குக்கு வராது"

உச்சுக் கொட்டத் தெரியாத தமிழர் உண்டா? நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டி எடுக்கும் அந்த 'ச்சு'தான் சி. நுனியை இன்னும் மேலே, அண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று விட்டால் க்யூ. நுனி ஒட்டியபடியே இருக்க, கடைவாய்ப் பக்கம் நாக்கின் ஓரம் மட்டும் விலகினால் எக்ஸ். ஒலி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அதைச் சொல்லுக்குள் வைக்கத்தான் பழக வேண்டும்.

கிளிக்கைத் தனியாக அடித்துவிட்டு அப்புறம் சொல்லைச் சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். போர்ட் எலிசபெத் நகரத்துக்கு 2021-இல் கெபேஹா என்று பெயர் மாற்றினார்கள், முதல் ஒலியே க்யூ கிளிக். அங்கே குடியிருக்கும் ஒருவர் மாதக்கணக்கில் மொபைலில் வீடியோ பார்த்துப் பழகிவிட்டு வந்தார். 'டொக்' என்று ஒரு அடி, சின்ன இடைவெளி, அப்புறம் 'கெபேஹா'. டாக்ஸிக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அவருக்கு ஒரே குழப்பம். கேட்கிறவர் காதில் விழுவது ஏதோ ஒரு தட்டல், அதன் பின்னால் சம்பந்தமில்லாத ஒரு 'க'. ஊர்ப்பெயரின் மெய்யெழுத்தே காணாமல் போய்விட்டது!

கிளிக்குக்கு நுரையீரல் காற்று தேவையில்லை. நாக்கின் பின்பகுதி மேலே அடைத்திருக்கும், முன்பகுதியும் அடைத்திருக்கும், நடு நாக்கு கீழே இறங்கும்போது இடையில் சிக்கிய காற்று மெலிகிறது, முன் அடைப்பைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து சத்தம் வருகிறது. பின் அடைப்பும் உடனே திறந்து உயிரொலி அதோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். இடைவெளி விட்டால் அந்தப் பின் அடைப்பு தனி 'க' ஆகிவிடும்.

இதில் நஷ்டம் பெரிது. கோசாவில் மூன்று இடங்களிலும் ஆறு ஆறு வகை, மொத்தம் 18 கிளிக்குகள். மூச்சோடு வருவது, குரலோடு வருவது, மூக்கோடு வருவது என்ற வித்தியாசமெல்லாம் நாக்கின் முன்பக்கத்தில் நடப்பதில்லை, பின்னால்தான். பிரித்து அடித்துப் பழகியவருக்கு ஆறும் ஒன்றுதான், அந்தப் பழக்கத்தைக் கழற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

வாயை மூடாமல் 'ங்ங்ங்' என்று மூக்கால் முனகுங்கள், முனகல் அறுபடாமல் நடுவே கிளிக் அடியுங்கள். அது வந்ததும் 'ஆ', கிளிக், 'ஆ' என்று ஒரே ஓட்டமாக. மூக்கொலியைக் கடைசியில்தான் நிறுத்த வேண்டும்.

பலமாக அடிப்பது

வேண்டாம். அது பட்டாசு இல்லை.

மூன்றில் எதுவானாலும் சரி என்று விடுவது

'ஏலா' என்பதன் முன்னால் சி கிளிக் போட்டால் 'கேட்டுக்கொள்', எக்ஸ் போட்டால் 'சொல்'. உதவி கேட்கப் போய் உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆப்பிரிக்கா என்றாலே கிளிக் என்று நினைப்பது

சுவாஹிலியில் கிளிக்கே கிடையாது. கோசாவும் சுலுவும் பாண்டு என்ற பெரிய ஆப்பிரிக்க மொழிக்குழுவைச் சேர்ந்தவை, அவற்றுக்குக் கிளிக் வந்தது தெற்கே ஏற்கெனவே இருந்த மக்களின் மொழிகளிலிருந்து. நமீபியாவின் நாமா மொழியில் 20 கிளிக்குகள். வடக்கே வெகுதூரத்தில் தான்சானியாவில் ஹட்சா, சண்டாவே என்று கிளிக் உள்ள இரண்டு மொழிகள் இருக்கின்றன. கிளிக் இருப்பதாலேயே எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் அடைத்துவிடாதீர்கள், ஹட்சாவுக்கு உறவு மொழி எதுவும் நிரூபணமாகவில்லை.